எல்லோரும் இறங்கிவிட்ட கப்பல்

எங்கள் ஷூ கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு நாள் எல்லோருக்கும் பிரியாணி போடுவார்கள். ஆம்பூரில் பிரியாணி பெரிய விஷயமில்லை. ஆனாலும் கம்பெனி செலவில் கிடைப்பதற்குத் தனி ருசி உண்டு. பிரியாணி வெந்த தேக்சாவின் மூடியைத் தூக்கியதுமே பேக்கிங் செக்‌ஷன் ஆட்கள் முண்டியடிப்பார்கள். அவர்களோடு பெட்டி கட்டுகிற அவர் மட்டும் கை கழுவுகிற குழாய்ப் பக்கம் நின்றுகொண்டிருப்பார். கடைசி ஆள் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் தட்டை எடுப்பார். அதற்குள் கறியெல்லாம் தீர்ந்து, அடியில் கொஞ்சம் குஸ்கா ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டிப் போடச் சொல்லி வாங்கிக்கொள்வார்.

“இன்னாண்ணா, ஒரு பீஸ்கூட இல்லையே?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“எனக்கு அடிச்சோறுதான் மேடம் புடிக்கும். மசாலா எல்லாம் அங்கதான எறங்குது.”

அது பொய். அவருடைய மனைவி பின்னாளில் சொன்னாள், வீட்டில் கறி எடுத்தால் எலும்பைக்கூட விடமாட்டாராம்.

அந்த மனிதர்தான் பிற்பாடு வளைகுடாவில் ஒரு பெரிய துறைமுகத்துக்கு வெளியே, எல்லோரும் இறங்கிவிட்ட கப்பலில், தன்னந்தனியாக வருஷக்கணக்கில் கிடந்தார். கேள்விப்பட்டவர்கள் எல்லாம் விதி என்றார்கள். நான் அவரைப் பேக்கிங் செக்‌ஷனில் பார்த்தவள். எனக்கு அந்தத் தேக்சாதான் ஞாபகம் வந்தது.

ஆள் நல்ல உயரம். அந்த உயரத்துக்காக யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பார். தோளில் அட்டைப்பெட்டிகளைச் சுமந்து வரும்போது எதிரே ஒரு பொடியன் வெறுங்கையோடு வந்தாலும் இவர்தான் சுவரோடு ஒட்டி நின்று வழி விடுவார். “நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்” என்பது ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவர் வாயிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. கம்பெனியிலிருந்து ஏலகிரிக்கு டூர் போனபோது நாங்கள் எல்லோரும் படகில் ஏறினோம். அவர் கரையில் மரத்தடியில் உட்கார்ந்து செருப்புகளையும் பைகளையும் காவல் காத்தார். திரும்பி வந்து பார்த்தால் அத்தனை செருப்பையும் ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்திருந்தார்.

“நீங்க வரலையாண்ணா?”

“தண்ணின்னா பயம் மேடம் எனக்கு.”

அவர் சொன்ன பொய்கள் எல்லாம் இந்த வகைதான். எதிரே இருப்பவருக்குச் சங்கடம் வரக் கூடாது என்பதற்காகச் சொன்னவை.

நான் மாடியில் எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் இருந்தேன். சரக்குக்குப் பேப்பர் போடுவது, கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குள் போனதா, கப்பலில் ஏறியதா, எந்தத் துறைமுகத்தில் கப்பல் மாறுகிறது என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. கம்ப்யூட்டரில் ஒரு வரைபடம் உண்டு. அதில் உலகத்துக் கப்பல்கள் எல்லாம் கலர் கலராக அம்புமுனை மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும். ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு சில நாள் அவர் மாடிப்படியில் வந்து நிற்பார்.

“மேடம், போன வாரம் நாங்க ஏத்தினது இப்ப எங்க இருக்குது?”

காட்டுவேன். இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகிற ஒரு பச்சை அம்பு. குனிந்து பார்த்துவிட்டு, “நாம இங்கியே இருக்கறோம், பொட்டி எவ்ளோ தூரம் போவுது பாருங்க” என்பார். ஏக்கமாக அல்ல. வீட்டுப் பெண் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டதைச் சொல்கிற மாதிரி.

அவருடைய மனைவி எங்கள் கம்பெனியிலேயே ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற செக்‌ஷனில் இருந்தாள். இருவரும் கல்யாணம் செய்துகொண்டதற்குக் காரணமே பஸ்தான். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் காலை பஸ்ஸில் எப்போதும் தொங்குகிற கூட்டம். அவர் ஸ்டாப்பில் எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் கால் வைக்க இடமில்லாமல் நின்றுவிடுவார். பஸ் போய்விடும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள் இதைத் தினமும் பார்த்திருக்கிறாள்.

“சிரிப்பா வரும்க்கா. அப்புறம் ஒரு நாளு நெனச்சேன், இப்பிடி ஒரு ஆளக் கட்டிக்கினா நம்மள எவ்ளோ நல்லா வெச்சிக்குவான்னு” என்று சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது. அப்போது அவள் மாசமாக இருந்தாள்.

அந்த வருஷம்தான் ஆர்டர் கம்மியானது. பேக்கிங்கில் ஓர் ஆளைக் குறைக்கச் சொன்னார்கள். சூப்பர்வைசர் இரண்டு பேரைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஒருவர் இவர். இன்னொருவருக்கு இரண்டு பிள்ளைகள். சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார்: “அவன் இருக்கட்டும் சார். எனக்கு இன்னா, எங்கியாச்சும் போய்ப் பொழச்சுக்குவேன்.”

சாப்பாட்டு நேரத்துக்குள் செய்தி கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. வாசலில் அவரைப் பிடித்தேன்.

“வீட்ல கேட்டீங்களாண்ணா?”

“சாயங்காலம் சொல்லிக்கறேன் மேடம். அவ புரிஞ்சிக்குவா.”

அவளுக்கு அதற்குள் மிஷினில் பக்கத்து இருக்கைப் பெண் சொல்லிவிட்டிருந்தாள். அன்று அவள் ஊசியில் விரலைக் குத்திக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு சில மாதம் தோல் மண்டியில் மூட்டை தூக்கினார். யாரோ சொல்லிச் சென்னையில் கப்பல் வேலைக்கான பயிற்சியில் சேர்ந்தார். பெண் குழந்தை பிறந்து குப்புற விழக் கற்றுக்கொண்ட சமயத்தில் முதல் கப்பலில் ஏறினார். அந்த ஒப்பந்தம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு சாக்லேட் டப்பா கொண்டுவந்து கொடுத்தார்.

“எத்தன ஊரு பாத்தீங்க?”

“துறைமுகம் நெறைய பாத்தேன் மேடம். ஊரு பாக்கல.”

கப்பல் கரையில் கட்டியிருக்கும்போது கொஞ்ச நேரம் வெளியே போய்வர விடுவார்களாம். ஆனால் கப்பலில் யாராவது காவலுக்கு இருக்க வேண்டும். யார் இருந்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. மற்றவர்கள் புதுச் சட்டையோடும் செண்ட் பாட்டிலோடும் திரும்பி வருவார்களாம். இவர் ஏணிப்படி அருகில் நின்று அவர்கள் பையை வாங்கி உள்ளே வைப்பாராம். அதைச் சந்தோஷமாகவே சொன்னார்.

இரண்டாவது கப்பல் பழையது. சிமென்ட் மூட்டை, இரும்பு என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டு போகிற கப்பல். வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் சரக்கை இறக்கி முடித்த கையோடு அதன் முதலாளி கையை விரித்துவிட்டான். எரிபொருள் போட்டவன், ரிப்பேர் பார்த்தவன் எல்லோரும் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் கப்பலைப் பிடித்து வைத்தது. சும்மா நிற்கிற கப்பலுக்குப் பெரிய துறைமுகத்தில் இடமில்லை. ஒரு கப்பல் நகர்ந்தால் அடுத்தது அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். அதனால் இந்தக் கப்பலை வெளியே இழுத்துக்கொண்டுபோய்க் கடலில் நங்கூரம் போட வைத்துவிட்டார்கள். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான்.

பல மாதம் மொத்தப் பேரும் அதிலேயே கிடந்தார்கள். கடைசியில் மாலுமிகளுக்கு உதவுகிறவர்கள் யாரோ பேசி, எல்லோரையும் ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். கோர்ட் ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. ஆளில்லாத கப்பலைக் கடலில் விட முடியாது, அறுத்துக்கொண்டு போய் மற்றக் கப்பல்மேல் மோதும், ஆகவே பொறுப்பாக ஒருவர் இருக்க வேண்டும்.

அவருடைய மனைவி சாப்பாட்டு நேரத்தில் மாடிக்கு ஓடி வந்தாள். அவள் வியர்வை என் மேசைமேல் சொட்டியது.

“அக்கா, எல்லாரும் வர்றாங்களாம். இவுரு மட்டும் கொஞ்ச நாளு இருக்கறாராம். கப்பல வித்ததும் வந்துடுவாராம். கொஞ்ச நாளுதான்னு சொன்னாரு. எவ்ளோ நாளுக்கா ஆவும்?”

அவளை உட்கார வைத்துக் கம்ப்யூட்டரில் அந்தத் துறைமுகத்தைத் தேடிக் காட்டினேன். கரையை ஒட்டி எறும்பு மொய்க்கிற மாதிரி கப்பல்கள். வெளியே தள்ளி, நகராத புள்ளிகள் சில. அதில் ஒன்றின் பெயரை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்து, எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

இதில் இன்னொன்று இருந்தது. எங்கள் கம்பெனி ஷூ ஐரோப்பாவுக்குப் போகிற வழியில் அதே துறைமுகத்தில்தான் கப்பல் மாறும். சென்னையிலிருந்து போகிற சின்னக் கப்பல் அங்கே பெட்டிகளை இறக்கும். மலை மாதிரி பெரிய கப்பல் வந்து அவற்றை ஏற்றிக்கொண்டு போகும். அவருக்கு வாரத்துக்கு ஒரு படகில் தண்ணீர், அரிசி, வெங்காயம் வரும். யாரோ கொடுத்த சின்னச் சோலார் தகட்டில் போனுக்கும் ரேடியோவுக்கும் சார்ஜ் ஏற்றிக்கொள்வார். சார்ஜ் இருக்கிற நாளில் மனைவிக்குப் பேசிவிட்டு எனக்கும் ஒரு வார்த்தை அனுப்புவார். நானும் நம் பெட்டி ஏறிய கப்பலின் பெயரைச் சொல்வேன்.

“வந்துச்சு மேடம் உங்க கப்பலு. என் பக்கத்துலதான் தாண்டிப் போச்சு. மேல ஒருத்தன் கை ஆட்டினான், நானும் ஆட்டினேன். ரெண்டு நாளுல சரக்கு எறக்கிட்டுத் திரும்பிப் போய்ட்டான்.”

நான் இதை அவளிடம் சொன்னபோது அவள் கையில் பாதி தைத்த ஷூவின் மேல்தோல் இருந்தது. “நான் தெச்சது அவரத் தாண்டிப் போவுது. அவரு மட்டும் அங்கியே” என்றாள். மிஷினை மிதித்தாள்.

அவர் புலம்பி நான் கேட்டதில்லை. கேட்டால் துறைமுகத்தைப் பற்றித்தான் சொல்வார். கப்பலுக்கு வழி காட்டுகிற பைலட் படகு எப்படித் துள்ளிக்கொண்டு போகும், இழுவைப் படகு இரண்டு சேர்ந்து பெரிய கப்பலை எப்படிக் கன்றுக்குட்டி மாதிரி திருப்பும், கிரேன்கள் எப்படித் தலையைத் தூக்கி வழி விடும் என்று. ரேடியோவில் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசுகிறவர்களின் குரலெல்லாம் அவருக்குப் பழகிவிட்டது.

“காலைல ஒரு பொண்ணு பேசும் மேடம். ஒவ்வொரு கப்பலா பேர் சொல்லிக் கூப்புடும், குட் மார்னிங் சொல்லும். எனக்கும் சொல்லும். நிக்கற எடத்துலதான் நிக்கறியான்னு கேக்கும். ஆமா, ஆல் வெல்னு சொல்லணும்.”

“ஆல் வெல்லா?”

“அப்பிடித்தான் மேடம் சொல்லணும். ரூலு.”

ஜெனரேட்டர் ஓடவில்லை. கப்பல் முழுக்கத் துரு. கால் வீங்கியிருக்கிறது என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். வீடியோவில் அவர் முகத்தை மட்டும் காட்டுவாராம், ஒரு நாள் போன் சாய்ந்தபோது பார்த்துவிட்டாளாம்.

இரண்டாவது வருஷமோ அதற்கு அடுத்ததோ, பெரிய காற்று அடித்தது. மணலும் கடலுமாகச் சேர்ந்து அடிக்கிற காற்று. நங்கூரம் பிடியை விட்டுக் கப்பல் மெல்ல இழுபட ஆரம்பித்தது. இன்ஜின் இல்லாத கப்பலில் ஓர் ஆள் என்ன செய்ய முடியும்? இன்னொரு நங்கூரத்தைத் தள்ளிவிடப் பார்த்தார். துரு ஏறி அது அசையவில்லை. கப்பல் போனது துறைமுகத்துக்குள் நுழைகிற வழியை நோக்கி. ரேடியோவில் ஒரே கூச்சல். மூன்று இழுவைப் படகுகள் வந்தன. கோஸ்ட் கார்டு வந்தது. கயிறு போட்டு இழுத்துக்கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். மேலே ஏறி வந்த அதிகாரி அவரைக் கண்டபடி திட்டினானாம்.

“அவங்க மேலயும் தப்பு இல்ல மேடம். வழியில போய் நின்னிருந்தா ஒரு கப்பலும் உள்ள போவ முடியாது. எத்தன பேர் பொழப்பு” என்றார். பிறகு சொன்னார்: “ஆனா அன்னிக்கி ஒரு நாளுதான் அத்தினி பேரு என்னத் தேடி வந்தாங்க.”

என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டீர்களா என்றேன். அவர்கள் அவசரத்தில் இருந்தார்கள் என்றார்.

இங்கே அவள் ஏறாத ஆபீஸ் இல்லை. திருப்பத்தூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். சென்னையில் கப்பல் அதிகாரிகளைப் பார்த்தாள். சில தடவை நானும் கூடப் போனேன். யாரும் கெட்டவர்களாக இல்லை. உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள். ஒரு அதிகாரி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “கப்பல வாங்க ஆள் வரணும்மா. வித்தாத்தான் அவர் பொறுப்பு முடியும். அவர் ஒத்துக்கிட்டுத்தானே இருக்கார்?” என்றார். அவள் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது ரயிலில் வாணியம்பாடிக்குப் போகிற ஒரு குடும்பம் எங்கள் எதிரே உட்கார்ந்து கலகலவென்று பேசிக்கொண்டு வந்தது. அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, “ஒத்துக்கினாராம்க்கா” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

கடைசியில் பழைய இரும்புக்கு உடைக்கிறவர்கள் அந்தக் கப்பலை ஏலத்தில் எடுத்தார்கள். அவரை இறக்கித் துறைமுகம் வழியாக வண்டியில் அழைத்துப் போனார்கள். அத்தனை வருஷமாகத் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்த கிரேன்களுக்கு அடியில் அன்றுதான் போனார். “அவ்ளோ பெருசுன்னு நெனைக்கல மேடம். அண்ணாந்து பாத்தேன். மேல கண்ணாடிக் கூண்டுல ஒருத்தன் இருந்தான். அவன் வேலையப் பாத்துக்கினு இருந்தான்.” காலையில் குட் மார்னிங் சொல்கிற பெண்ணைப் பார்க்க முடியுமா என்று டிரைவரிடம் கேட்டாராம். டிரைவருக்கு அவர் பாஷை புரியவில்லை.

விமான நிலையத்துக்கு அவளும் குழந்தையும் போனார்கள். வந்தவரை அவர்கள் முதலில் தாண்டிப் போய்விட்டார்கள். கூட்டமெல்லாம் வெளியேறிய பிறகு சுவரோரமாக நின்ற மெலிந்த ஆள்தான் அவர் என்று பிறகு தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு சொம்புத் தண்ணீரில்தான் குளித்தார். கதவுக்குப் பக்கத்தில் படுத்தார். விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய், தோல் பதனிடுகிற ஷாப்பின் புகைபோக்கியையும் மசூதி மினாரையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்ப்பார். நங்கூரம் போட்டிருக்கும்போது கரையில் இரண்டு அடையாளங்களை வைத்துக் கப்பல் நகர்ந்ததா என்று பார்ப்பார்களாம். “வீடு நகர்ந்துச்சான்னு பாக்கறாருக்கா” என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவளும் சிரிக்கவில்லை. குழந்தை அவரைப் பற்றி, “இவுரு எப்பம்மா கெளம்புவாரு?” என்று கேட்டதாம். அதை அவர் காதில் வாங்கியிருக்கிறார். வாங்கிக்கொண்டு, குழந்தைக்கு இடைஞ்சல் இல்லாமல் இன்னும் கொஞ்சம் கதவோரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். டீ கொண்டுவந்து வைத்தாள். எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள்.

“அக்கா இருக்கறாங்க, அவங்க எதிர்லயே கேக்கறேன். எல்லாரும் எறங்கினாங்களே, நீ மட்டும் ஏன் இருந்த?”

அவரை அவள் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கேப்டன் எல்லாரையும் நிக்க வெச்சிக் கேட்டாரு. ஒருத்தர் இருக்கணும், யாரு இருக்கறீங்கன்னு. எல்லாரும் கீழ பாத்துக்கினு நின்னாங்க. ஒருத்தன் அழுவறான். எல்லாருக்கும் வீட்ல ஆளு காத்துக்கினு இருக்காங்களேன்னு...”

“அப்ப நான் யாரு?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே அந்தக் கேள்வி அவருக்குப் புதிது என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“நீ சமாளிச்சிக்குவன்னு நெனச்சேன்” என்றார்.

அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என்னுடையதில் டீ பாதி இருந்தது.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஒன்று புரிந்தது. வரிசையில் தனக்குக் கடைசி இடம் போதும் என்று அவர் எப்போதோ முடிவு செய்துகொண்டார். அது அவர் இஷ்டம். ஆனால் அவளையும் குழந்தையையும் அவர் வேறு மனிதர்களாக நினைக்கவே இல்லை. தன்னுடைய கை கால் மாதிரி நினைத்திருக்கிறார். அதனால் கேட்காமலே அவர்களையும் தன் பின்னால் நிறுத்திவிட்டார். கல்நெஞ்சக்காரனாக இருந்திருந்தால் அவளுக்குச் சண்டை போடவாவது ஓர் ஆள் இருந்திருப்பான்.

பழையபடி கம்பெனியில் சேர்க்க நான் கேட்டுப் பார்த்தேன். இருக்கிற ஆளுக்கே வாரத்தில் பாதி நாள்தான் வேலை. ஷாப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்த நேரம். வாசலில் காவலுக்கு ஆள் வேண்டும் என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். அவள் அதைக் கேள்விப்பட்டதும், “இன்னொரு தபா அவரக் காவலுக்கு ஒக்கார வெக்காதீங்கக்கா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அதை விட்டுவிட்டேன்.

அவர் மறுபடியும் கப்பலுக்குப் போவதாக அவளே வந்து சொன்னாள். போகாதே என்று சொன்னாயா என்று கேட்டேன்.

“சொல்லல. வீட்ல இருந்தாலும் அவரு அங்கதான் இருக்கறாரு. எங்களுக்குப் பேஜாரா இருக்க வேணாம்னு போறாரு. நான் தடுத்தா, எனக்குக் கஷ்டம்னு அதுக்கும் ஒத்துக்குவாரு. இன்னா மனுஷன்க்கா அது.”

நல்ல கப்பலில் அவரை யாரும் எடுக்கவில்லை. சான்றிதழ்கள் காலாவதியாகியிருந்தன. கால் வீக்கமும் முழுதாக வடியவில்லை. எதையும் கேட்காத ஒரு ஏஜென்ட் எதையும் கேட்காத ஒரு கப்பலில் ஏற்றிவிட்டான். பழைய எண்ணெய்க் கப்பல். கிளம்புவதற்கு முன் அவர் கம்பெனி வாசலுக்கு வந்திருந்தார். ஷிஃப்ட் விட்டுக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் வழி விட்டு மதிலோரம் நின்றார்.

“வேணாம்ணா. அந்த மாதிரிக் கப்பல் எல்லாம் நல்லதில்ல. பேர மாத்திக்குவாங்க, கொடிய மாத்திக்குவாங்க. எங்க இருக்குதுன்னு வெளிய தெரியக் கூடாதுன்னு சிக்னல அணைச்சிடுவாங்க. எங்க கம்ப்யூட்டர்லகூடத் தெரியாது.”

“எனக்கும் தெரியும் மேடம். ஏஜென்ட்டு சொன்னான்.”

“அப்புறம் ஏன்?”

“எனக்குக் கடல் காத்து ஒத்துக்கிச்சி மேடம். இங்க தோல் வாசன தலவலி வருது” என்றார். ஆம்பூர்ப் பக்கமே பிறந்து, தோல் வாசனையில் வளர்ந்தவர். நான் அவர் காலைப் பார்த்தேன். பேன்ட்டை இறக்கி விட்டுக்கொண்டார்.

முதல் சில வாரம் அந்தக் கப்பல் வரைபடத்தில் தெரிந்தது. கிழக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை பார்த்தால் இல்லை. பெயரைப் போட்டுத் தேடினால் இருந்த இடத்திலேயே பழைய தேதியோடு நின்றது. பிறகு அந்தப் பெயரில் கப்பலே இல்லை என்று வந்தது. ஏஜென்ட்டின் போன் அணைந்துவிட்டது. அவள் ஆரம்பத்தில் தினமும் மாடிக்கு வந்து என் கம்ப்யூட்டர் பின்னால் நிற்பாள். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை வந்தாள். பிறகு என்னைப் பார்த்தால் வேறு விஷயம் பேசினாள். குழந்தை ஸ்கூல், தண்ணீர் வராதது, வீட்டுக்காரம்மாவின் முணுமுணுப்பு. மிஷினில் அவள் வேகம் ஜாஸ்தியாகியிருந்தது. சூப்பர்வைசர் அவளைக் காட்டிப் புதுப் பெண்களைத் திட்டுவார்.

போன மாதம் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் டப்பாவில் புளிச்சோறும் ஒரு அப்பளமும் இருந்தன. மேசைமேல் இருந்த அவள் போன் அதிர்ந்தது. நீளமான எண். நம் ஊர் எண் இல்லை, வெளிநாட்டு எண்கள் மாதிரியும் இல்லை. கடலில் இருக்கிற கப்பல்களில் வைத்திருக்கிற சாட்டிலைட் போன் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“எடுக்கலையா?” என்றேன்.

“எடுத்தா நல்லா இருக்கறேன்னு சொல்லுவாரு. அதக் கேட்டுக்கினு நானும் நல்லா இருக்கறேன்னு சொல்லணும். என்னால முடியலக்கா.”

போன் அதிர்ந்து அதிர்ந்து தகர மேசையில் ஊர்ந்து வந்து என் டப்பாவை முட்டியது. பக்கத்து மேசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது நெடுநேரம் அடித்தது. நின்றுவிட்டு இன்னொரு தடவை அடித்தது. பிறகு அடங்கிவிட்டது. அவள் மிச்சச் சோற்றை வழித்துச் சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவ எழுந்து போனாள். குழாயடியில் அவள் முதுகு குலுங்கியதா, டப்பாவைத்தான் அழுத்தித் தேய்த்தாளா என்று நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியவில்லை.

அவள் போனில் பார்த்துக் குறித்துக்கொண்ட அந்த எண்ணுக்கு நான் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். மணி அடிப்பதே இல்லை.